மல்லாந்த சாட்சி

"மேடம், ஒரு மீன் செத்துப்போச்சு" என்றான் பூவரசன்.

ஒகேனக்கல்லில் அந்த லாட்ஜின் வரவேற்பறையில், சுவரோரமாக ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. தண்ணீரின் மேல்மட்டத்தில், ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு மீசைக்கார மீன், வயிறு மேலே தெரியும்படி மல்லாந்து கிடந்தது. கூட வந்த எழிலரசி குனிந்து பார்த்தாள். கைக்குறிப்பேட்டில் நேரத்தை மட்டும் எழுதினாள்: ஒன்று பத்து.

செத்த மீன் மீசையை ஒருமுறை ஆட்டியது. பிறகு மல்லாந்த நிலையிலேயே, யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல நகர்ந்து, தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த மரவேரின் அடிப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"செத்த பிறகும் நடமாடுதே! வாக்காளர் பட்டியல்ல சேத்துடலாம் மேடம்."

"அது பொறந்ததுல இருந்து அப்படித்தான்யா நீந்தும். அப்சைடு டவுன் கேட்ஃபிஷ். மல்லாந்த கெளுத்தி."

"நேரா நீந்தத் தெரியாததையா ஆசையா வாங்கி வளக்கறாங்க?"

"வேடிக்கை பாக்கவா உங்களை வரச்சொன்னேன்?"

குரல் வந்த பக்கம் இருவரும் திரும்பினார்கள். மேசைக்குப் பின்னால் லாட்ஜ் முதலாளி மாதவராஜ் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை. நாற்காலிகள் இரண்டு காலியாக இருந்தும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் மக்கில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே ஐஸ் மிதக்கும் எலுமிச்சை சோடா. இடது கையால் சோடாவை எடுத்து ஒரு மடக்கு குடித்தார்.

எழிலரசி பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குக் கொடுத்தவர்களைக் கண்டுபிடித்தவள். இப்போது தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அவளுடைய உதவியாளன் பூவரசன் இதே ஒகேனக்கல் ரோட்டில் ஓடிய தனியார் பஸ்ஸில் ஒன்பது வருடம் கண்டக்டர். முதலாளியின் மாப்பிள்ளை ஓசியில் ஏறியபோது டிக்கெட் கேட்டதால் வேலை போனது. அந்த வாய் மட்டும் போகவில்லை.

"உங்க கடிதம் கிடைச்சுது" என்றாள் எழிலரசி. பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். பன்னிரண்டாம் தேதியிட்டது. கீழே பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு மாதவராஜின் கையெழுத்து. "நியான் டெட்ரா, வாங்கினது இருபத்து நாலு, மீதம் ஒன்பது. ஏஞ்சல், வாங்கினது நாலு, மீதம் நாலு. அப்சைடு டவுன் கேட்ஃபிஷ், வாங்கினது ஆறு, மீதம் ஆறு. திருடியவர், இந்த லாட்ஜில் வேலை செய்த ஃபிராங்க்ளின்."

"முடிவையும் அவரே எழுதிட்டாரு மேடம். நாம ஸ்டாம்ப் ஒட்டினா போதும்" என்றான் பூவரசன்.

"ஏய் கண்டக்டர், உன்னை யாரும் கேக்கல. ஆமாம்மா, அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஸ்டேஷனுக்குப் போனா, மீனுக்கெல்லாம் கேஸான்னு சிரிக்கறாங்க. ஆதாரம் கொண்டாங்கறாங்க. நீங்க லெட்டர்பேடுல ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தா அப்புறம் சிரிக்க மாட்டாங்க."

டைப் செய்த புகார் ஒன்றை இடது கையாலேயே தள்ளிவிட்டார். அதில் கையெழுத்து இன்னும் போடவில்லை.

"இவ்வளவு அவசரம் ஏன் சார்?"

"அந்தப் பையன் தீயணைப்புத் துறையில செலக்ட் ஆயிருக்கான். இன்னைக்கு நாலு மணிக்கு அவனை விசாரிக்க போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வராங்க. திருட்டுப் பய அரசாங்க வேலைக்குப் போகலாமா? மூணரைக்குள்ள ரிப்போர்ட் என் கைக்கு வரணும். வரலைன்னா, தர்மபுரியில நீங்க கடை நடத்தறது கஷ்டம்."

எழிலரசி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூவரசனுக்கு அவளைத் தெரியும். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாதபோதுதான் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்.

"அவன் எடுத்ததுக்கு என்ன ஆதாரம்?"

மாதவராஜ் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். கேமரா பதிவு. மாலை ஏழு மணி. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் மாடிப்படியில் இறங்கி வருகிறான். கையில் பிளாஸ்டிக் டம்ளர். தொட்டியின் மூடியைத் திறக்கிறான். அவன் முதுகு கேமராவை மறைக்கிறது. அரை நிமிடம். மூடுகிறான். மறுபடி மாடிக்குப் போகிறான்.

"பாத்தீங்களா? டம்ளர்ல அள்ளிட்டுப் போறான். தினம் ரெண்டு, மூணுன்னு."

பூவரசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு வாட்டி போடுங்க."

"உனக்கு சினிமாவா காட்டறேன்?"

"போடுங்க சார்" என்றாள் எழிலரசி.

மறுபடி ஓடியது. ஒன்பது வருடம் பஸ் படிக்கட்டில் நின்ற கண்ணுக்கு அது பிடிபட்டுவிட்டது. கல்யாண வீட்டு சாம்பாரைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவன் எப்படி நடப்பான், காலிச் சட்டியோடு இறங்குகிறவன் எப்படி நடப்பான் என்று அவனுக்குத் தெரியாததா? வாயைத் திறக்கப் போனான். எழிலரசியின் செருப்பு அவன் கால்மேல் ஏறி நின்றது.

"நேத்து ராத்திரிப் பதிவு இருக்குங்களா?" என்று அவள் கேட்டாள்.

"கேமரா ரிப்பேர். அவனைத்தான் பன்னெண்டாம் தேதியே வெளிய அனுப்பிட்டேனே, நேத்தையது எதுக்கு?"

"அவன் திரும்ப வந்து எடுத்திருந்தா?"

"எப்படி வருவான்?" மாதவராஜ் சட்டைக் காலருக்குள் இடது கையை விட்டு, கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்தார். சிறிய சாவி ஒன்று தொங்கியது. "அன்னைக்கே மூடிக்குப் புதுப் பூட்டு போட்டாச்சு. ஒரே சாவி. குளிக்கும்போதுகூட கழட்டறதில்லை. மூணு நாளா இந்தத் தொட்டியில என்னைத் தவிர ஒருத்தன் விரல் படல."

எழிலரசி அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். எழுதியதைப் படித்தும் காட்டினாள். "சரிங்களா?"

"சரிதான்."

"பூவரசா, நியான் டெட்ரா எத்தனைன்னு எண்ணு."

தீக்குச்சி நீளத்தில், நீலக்கோடும் சிவப்புக்கோடும் மின்ன, ஒரு மூலையில் அவை நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எண்ணினான். ஐந்து. இன்னொரு தரம் எண்ணினான். அப்போதும் ஐந்து. கடிதத்தில் ஒன்பது என்று இருந்தது. செருப்பு இன்னும் கால்மேல்தான் இருந்தது. ஆகவே விரல்களை மட்டும் விரித்துக் காட்டினான்.

தொட்டியின் பக்கவாட்டில் கொக்கியில் ஒரு பச்சை மீன்வலை தொங்கியது. நடுவில் கைமுட்டி நுழையும் அளவுக்குக் கத்தரித்த ஓட்டை.

"இந்த வலையில மீன் புடிச்சா, மீனே பாவப்பட்டு நின்னாத்தான் உண்டு" என்றான்.

மாதவராஜ் சிரிக்கவில்லை. ஆள் ஒருவன் வந்து ஆறிப்போன வெந்நீரை எடுத்துப்போய், புதிதாக ஆவி பறக்கும் மக்கைக் கொண்டுவந்து வைத்தான். அவர் சோடாவைக் குடித்தார்.

"வெளிய அவன் ஆத்தா மீன் கடை வெச்சிருக்கா. மிக்கேலம்மாள்னு பேரு. போய் விசாரிச்சுக்கங்க. கைநாட்டுப் பொம்பள. வாய் மட்டும் காவேரி அகலத்துக்கு இருக்கும்."

*

வாயைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான் என்பது நெருங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. லாட்ஜ் கேட்டை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மசாலா தடவிய மீன்கள் வாழையிலையில் வரிசையாகக் கிடந்தன. பூவரசனின் வயிறு தன் தரப்பு வாதத்தைத் தொடங்கியது. மிக்கேலம்மாள் மீன் கழுவிய தண்ணீரை அவன் காலடியில் ஊற்றினாள்.

"அந்தாளு அனுப்புன ஆளுங்கதானே? ஒங்களுக்கு இங்க மீனும் இல்ல, பேச்சும் இல்ல. போங்க."

"ஆயா, நாங்க..."

"யாருக்குய்யா ஆயா? ஒனக்கு என் வயசுல தங்கச்சி இருப்பா."

கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பரிசல்மேல் ஃபிராங்க்ளின் உட்கார்ந்திருந்தான். கேமராவில் பார்த்த அதே பையன். எழுந்திருக்கவில்லை. "அம்மா, அவங்ககிட்ட எதுக்குப் பேசற? எழுதி வெச்சிட்டுத்தான் வந்திருப்பாங்க. கையெழுத்து போட்டுட்டுப் போவட்டும்."

"எழுதிட்டுத்தான் வந்தோம்" என்றாள் எழிலரசி. "ஆனா பேரை இன்னும் எழுதல. டம்ளர்ல என்ன எடுத்துட்டுப் போனே?"

பையன் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொல்லுடா" என்றாள் தாய். "எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறான். நாலு மணிக்கு ஆளு வராங்க. ரெண்டு வருசம் ஓடி ஓடிப் பழகி, கயிறு ஏறி, வாங்குன வேலை. கேஸுன்னு ஒண்ணு எழுதிட்டா அதோட போச்சு. வாய தொறக்க மாட்டேங்கறான்."

"அவன் எடுத்துட்டுப் போவல" என்றான் பூவரசன். இந்த முறை கால்மேல் செருப்பு இல்லை. "கொண்டாந்து போட்டான். எறங்கி வரும்போது டம்ளரைப் பாத்துப் பாத்து, அடி மேல அடி வெச்சி வந்தான். திரும்பிப் போறப்ப கைய வீசிட்டு, ரெண்டு ரெண்டு படியா ஏறினான். திருடறவன் வெறும் டம்ளரோட வந்து நெறஞ்ச டம்ளரோடல்ல போவான்? ஏன் தம்பி, உள்ள என்ன கொட்டினே? சாம்பாரா?"

ஃபிராங்க்ளின் முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"கொசுப்புழு" என்றான் மெல்ல.

"அடப்பாவி!" என்றாள் மிக்கேலம்மாள்.

"மொட்டை மாடியில பக்கெட்ல வெச்சிருந்தேன். வலை போட்டு மூடித்தான். அந்தக் கெளுத்திக்கு அதுதான் புடிக்கும். வெளிச்சம் மங்குனதும் மேல வந்து, மல்லாந்த மேனிக்கே உறிஞ்சும். போன வருசம் டெங்குவுக்கு செக் பண்ண வந்தவங்க ஒரு சிரட்டைத் தண்ணியில புழுவப் பாத்து நோட்டீஸ் குடுத்தாங்க. அன்னைக்கே தோட்டக்காரரை வேலைய விட்டுத் தூக்குனாரு எங்க மொதலாளி. நான் எப்டிச் சொல்வேன்?"

"அப்ப நியானை யாரு தின்னா? அந்தக் கெளுத்தியா?" என்றான் பூவரசன்.

"அது தின்னாதுங்க!" அவன் எழுந்தே விட்டான். கோபம் வந்ததும் பேச்சு மடை திறந்தது. "அதோட வாயப் பாத்தீங்களா? பட்டாணி போவாது. அஞ்சு ஆறா சேந்துதான் இருக்கும். தனியா விட்டா பயந்து கட்டைக்கடியிலேயே கெடந்து சாவும். செதில் கெடையாது, தண்ணியில உப்பு போட்டாக்கூட தாங்காது. நாலு அங்குலத்துக்கு மேல வளராது. மத்த மீனுக்கெல்லாம் வயிறு வெளுப்பு, முதுகு கறுப்பு. இதுக்கு தலகீழ். மேல தெரியறது வயிறுதானே, அதனால வயிறுதான் கறுப்பா இருக்கும். கீழ் மீசையில பொடிப்பொடியா கெளை பிரிஞ்சிருக்கும். அதுங்க மேல பழி போடாதீங்க."

தன்மேல் விழுந்த பழிக்கு இவ்வளவு வார்த்தை பேசாதவன், மீனுக்காகப் பேசுகிறான் என்று பூவரசன் நினைத்துக்கொண்டான்.

"அந்தக் கெளுத்திய வெளிய எடுக்கணும்னா எதுல எடுப்பே? அங்கதான் வலை தொங்குதே?" என்று எழிலரசி கேட்டாள்.

"கெளுத்திய வலையில புடிப்பாங்களா யாராச்சும்? முள்ளு மாட்டிக்கும். வலைய அறுத்துத்தான் எடுக்கணும். டம்ளர்லதான் மோந்து எடுக்கணும். இந்த ஆத்துப் பக்கம் பொறந்த யாரும் அதுல வலை போட மாட்டாங்க."

மிக்கேலம்மாளின் கையில் அப்போது ஆற்றுக் கெளுத்தி ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. நழுவப் பார்த்தது. உதவி செய்கிற நினைப்பில் பூவரசன் கையை நீட்டினான். கத்தியின் பின்பக்கத்தால் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"வெரலு வேணுமா வேணாமா ஒனக்கு? இப்டியா புடிப்ப? முள்ளுக்குப் பின்னால ரெண்டு வெரலைக் குடுத்துப் புடிக்கணும். ஏறிச்சின்னா கை பன்னு மாதிரி வீங்கிடும். வெளியூரு ஆளுங்க வருசத்துக்கு நாலு பேரு குத்திக்கினு வந்து அலறுவாங்க."

"குத்தினா என்ன செய்வீங்க?" எழிலரசியின் பென்சில் நின்றிருந்தது.

"வெந்நியில வெக்கணும். பொறுக்குற சூட்டுல. ஆற ஆற மாத்திக்கினே இருக்கணும். ரெண்டு நாளைக்குக் கடுக்கும்."

எழிலரசி குறிப்பேட்டை மூடினாள். "உங்க மேல அவருக்கு என்னம்மா பகை?"

"இந்த எடந்தான். காரு நிறுத்த வேணுமாம். பஞ்சாயத்துல எனக்கு வியாபாரி அட்டை குடுத்திருக்கான், போ முடியாதுன்னேன். போன வாரம் வந்து, பையன் வேலை வேணுமா, கடை வேணுமா, ரோசிச்சிக்கன்னுட்டுப் போனாரு. கைநாட்டுக்கு அட்டை ஒரு கேடான்னும் சொன்னாரு." கத்தி கெளுத்தியின் முள்ளை நறுக்கென்று ஒடித்தது. "ஆமா, கைநாட்டுதான். அதுக்கென்ன?"

மணி இரண்டு நாற்பது.

*

"கம்பளியா?" என்றார் மாதவராஜ்.

"நாலு போதும் சார். கறுப்பா இருந்தா நல்லது" என்றாள் எழிலரசி. "ராத்திரி நடந்த திருட்டைப் பாக்க ராத்திரி வரைக்கும் காத்திருக்க முடியாது. நாலு மணிக்கு ஆள் வராங்க. அதனால தொட்டிக்கு மட்டும் இப்பவே ராத்திரி ஆக்கிடுவோம்."

"கூத்தா அடிக்கிறீங்க? ரிப்போர்ட்டை எழுதுங்கம்மா!"

"எண்ணாம எழுத மாட்டேன். நேத்து சாயங்காலம் போன்லயே சொன்னேனே, எல்லா மீனையும் எண்ணணும்னு."

மாதவராஜின் இடது கை சோடா டம்ளரைத் தேடியது. டம்ளர் காலி.

லாட்ஜ் ஆட்கள் கம்பளிகளைக் கொண்டுவந்து தொட்டியை மூடினார்கள். மீன்கள் மிரளாமல் இருக்க, பூவரசன் டார்ச் லைட்டின் முகப்பில் சிவப்பு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கம்பளிக்குள் தலையை விட்டான். பழைய காலத்து போட்டோக்காரர் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். தங்கியிருந்த குடும்பங்கள் இரண்டு வேடிக்கை பார்க்க நின்றன. வாசலில் மிக்கேலம்மாளும் ஃபிராங்க்ளினும். உள்ளே வரக்கூடாது என்று மாதவராஜ் கத்தினார். அவர்கள் வாசற்படிக்கு வெளியேதான் நின்றார்கள்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கம்பளியில் பினாயில் வாடை. பிறகு மரவேரின் அடியிலிருந்து ஒரு மீசை நீண்டது. ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. சிவப்பு வெளிச்சத்தில், கூரையில் நடக்கிற பல்லிகளைப் போல, எல்லாம் மல்லாந்தபடியே நீரின் மேல்மட்டத்துக்கு வந்தன.

நகருகிற தலைகளை எண்ணுவது பூவரசனுக்குப் புதிதல்ல. பென்னாகரம் சந்தை நாளில், எண்பது பேர் அடைந்த பஸ்ஸில், செக்கர் ஏறுவதற்குள் எண்ணி முடிக்கிறவன் அவன். முன்னாலிருந்து ஒரு முறை, பின்னாலிருந்து ஒரு முறை. இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு.

முன்னாலிருந்து எண்ணினான். பின்னாலிருந்து எண்ணினான். கணக்கு ஒத்துப்போனது. அதுதான் தொல்லை.

"மேடம்" என்றான் கம்பளிக்குள்ளிருந்து. "ஆறு டிக்கெட்டுதானே குடுத்திருக்கு?"

"ஆமா, ஆறு."

"ஏழு பேரு இருக்காங்க. ஒரு ஆளு டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கான்."

எழிலரசி கம்பளிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. யாரு அந்த ஏழாவது ஆளு?"

"ஆறு பேரும் விரல் நீளம். புள்ளி புள்ளியா பழுப்பு நெறம், வயிறு கறுப்பு, கீழ் மீசையில கெளை கெளையா இருக்கு. தம்பி சொன்ன அடையாளமெல்லாம் அப்படியே இருக்கு. ஏழாவது ஆளும் மல்லாந்துதான் கெடக்கான். ஆனா இருமடங்கு நீளம். முதுகு, வயிறு எல்லாம் ஒரே கரி. மீசையில கெளையே இல்ல, வழவழன்னு நீளமா... ஐயோ!"

"என்னய்யா?"

"முழுங்கிட்டான் மேடம்! ஒரு நியான் மேல வந்துச்சு, லபக்குன்னு! நியான் இப்ப நாலுதான்!"

வாசலிலிருந்து ஃபிராங்க்ளின் கத்தினான். "அது வேற சாதிங்க! பர்மா பக்கத்து ஆத்து மீனு. அதுவும் மல்லாந்துதான் நீந்தும். பெங்களூர் கடையில அதையும் அப்சைடு டவுன்னு சொல்லித்தான் விக்கறாங்க. சின்ன மீனுங்களோட விட்டா ஒண்ணையும் விட்டு வெக்காது!"

மாதவராஜ் மேசையை இடது கையால் அறைந்தார். "பாத்தீங்களா! அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு! அவன்தான் அந்த ஏழாவது மீனைக் கொண்டாந்து விட்டிருக்கான். எழுதுங்கம்மா அதை!"

ஒரு கணம் பூவரசனுக்கே திக்கென்றது. அப்படியும் எழுதலாம்தான். மணி மூன்று இருபது. வாசலில் மிக்கேலம்மாள் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டது யாருன்னு நான் இன்னும் கேக்கலையே சார்" என்றாள் எழிலரசி. அவள் குரல் உயரவில்லை. "நேத்து ராத்திரி அதை வெளிய எடுக்கப் பாத்தது யாரு?"

"என்ன உளறல்?"

"பூவரசா, அந்த ஏழாவது மீனோட பக்கவாட்டு முள்ளைப் பாரு. ஏதாவது ஒட்டியிருக்கா?"

கம்பளி அசைந்தது; உள்ளே அவன் டார்ச்சின் சிவப்புப் பையைக் கழற்றினான். "நூலு தொங்குது மேடம். பச்சை நூலு. வலைக் கண்ணி ரெண்டு அப்படியே இருக்கு."

எழிலரசி கொக்கியில் தொங்கிய ஓட்டை வலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "வலையில மாட்டிச்சு. கத்தரிச்சுப் பாத்தீங்க. முழுசா வரலை. கையால புடிச்சு இழுத்தீங்க. குத்திட்டு, நழுவித் தொட்டிக்குள்ளயே போயிடுச்சு. நான் எண்ண வர்றேன்னு போன்ல சொன்னது நேத்து சாயங்காலம். அவன் விட்ட மீனா இருந்தா அதையே எனக்கு ஆதாரமா காட்டியிருப்பீங்க, ஒளிக்கப் பாத்திருக்க மாட்டீங்க. இந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. மூணு நாளா உங்களைத் தவிர ஒருத்தன் விரல் படலைன்னு நீங்க சொன்னதை எழுதி, படிச்சும் காட்டியிருக்கேன். அதே மூணு நாள்ல ஒன்பது நியான் அஞ்சாச்சு. பூட்டுக்கு வெளிய இருந்த ஃபிராங்க்ளின் எப்படி எடுத்தான்?"

"நீ யாருகிட்டப் பேசறேன்னு..."

"கெளுத்தியை எடுக்கணும்னா ஃபிராங்க்ளின் டம்ளர்லதான் மோந்து எடுப்பான். கெளுத்திக்கு வலை போட்டவர் ஆத்தை ஜன்னல் வழியா மட்டும் பாத்தவர். வலது கையை மேசை மேல வைங்க சார்."

அவர் வைக்கவில்லை. ஆள் ஒருவன் வழக்கப்படி ஆவி பறக்கும் மக்கைக் கொண்டுவந்து வைத்தான். எல்லாரும் மக்கைப் பார்த்தார்கள். பூவரசன் கம்பளியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். முடியெல்லாம் கலைந்து நின்றது.

"நாங்க வந்ததுல இருந்து மக்கு மக்கா வெந்நீர் வருது, குடிக்கறது மட்டும் ஐஸ் சோடா. நான் ஏதோ வேண்டுதல்னு நினைச்சேன் சார்" என்றான்.

மிக்கேலம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மடியில் மறைத்து வைத்திருந்த வலது கையில், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் செவ்வாழை மாதிரி வீங்கியிருந்தன.

"கெளுத்தி முள்ளு" என்றாள். "வருசத்துக்கு நாலு பேரு பாக்கறேன். இவரு அஞ்சாவது."

மாதவராஜ் கடைசியாக ஒரு பக்கம் பாய்ந்தார். "அப்ப டம்ளர்ல என்ன? அதுக்குப் பதில் சொல்லச் சொல்லு!"

"கொசுப்புழு" என்றான் ஃபிராங்க்ளின். இந்த முறை சத்தமாகவே சொன்னான். "உங்க மாடியில வளத்தேன். மீனுக்குப் போட்டேன்."

"கேட்டீங்களா! இப்பவே ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு..."

"போடுங்க போனை" என்றான் பூவரசன். "மாடி யாரு பேர்ல சார் இருக்கு? போன வருசம் நோட்டீஸ் தோட்டக்காரர் பேருக்கா வந்துச்சு, உங்க பேருக்கா?"

போனை எடுத்த இடது கை அப்படியே நின்றது.

எழிலரசி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். அவள் எழுத்து பள்ளிக்கூடக் கரும்பலகை எழுத்து மாதிரி. அவசரத்திலும் கோடு தாண்டாது. எழுதி முடித்து வாசித்தாள்:

"எனது லாட்ஜில் உள்ள மீன் தொட்டியில், சிறு மீன்களை உண்ணும் மீன் ஒன்றை நானே விட்டேன். குறைந்த மீன்களை உண்டது அந்த மீன். ஃபிராங்க்ளின் என்பவர் எதையும் எடுக்கவில்லை. அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை, இனிமேலும் இல்லை. அவர் தாயாரின் கடை விஷயமாக அவரை மிரட்டியது தவறு." நிமிர்ந்தாள். "இதுல கையெழுத்து போட்டா, நாலு மணிக்கு வர்றவர்கிட்ட இதை மட்டும் குடுப்பேன். போடலைன்னா, என் முழு ரிப்போர்ட்டைக் குடுப்பேன். பொய்ப் புகாருக்கும் செக்ஷன் இருக்கு சார். அதுக்கு ஸ்டேஷன்ல சிரிக்க மாட்டாங்க."

மணி நாலு ஆகப்போகிறது. வெளியே பைக் ஒன்று வேகம் குறைகிற சத்தம். மாதவராஜ் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். அவருடைய ஆட்களே கம்பளியை மடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள்.

பேனாவை எடுத்தார். வீங்கிய விரல்களுக்கு நடுவே பேனா நிற்கவில்லை. மறுபடி எடுத்தார். தாளில் கோழி கிளறியதுபோல ஒரு கோடு விழுந்தது; பேனா உருண்டு தரையில் விழுந்தது. இடது கையால் முயன்றார். பாதிப் பக்கத்தை அடைக்கிற அந்தக் கையெழுத்தில் ஒரு வளைவுகூட வரவில்லை.

பூவரசன் வரவேற்பு மேசையின் இழுப்பறையைத் திறந்து, லாட்ஜ் முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றி, தாளுக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் வாயிலிருந்து அந்த நேரத்தில் ஒரு ஜோக்கும் வரவில்லை. தேவைப்படவில்லை.

மாதவராஜ் இடது கட்டை விரலை மையில் ஒற்றினார். தாளின்மேல் தொட்டும் தொடாமலும் வைக்கப்போனார்.

"லேசா வெக்காதீங்க" என்றாள் மிக்கேலம்மாள். "கோடு வுழாது, செல்லாதும்பாங்க. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு உருட்டி வைங்க. எனக்குப் பஞ்சாயத்துல அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

உருட்டி வைத்தார். ஒவ்வொரு ரேகையும் தெளிவாக விழுந்தது.

தாளை எடுத்துக்கொண்டு எழிலரசி பைக் நின்ற பக்கம் நடந்தாள். ஃபிராங்க்ளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு அவள் பின்னால் போனான். மிக்கேலம்மாள் மட்டும் மேசையருகில் ஒரு நொடி நின்றாள். மக்கில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சி" என்றாள். "மாத்திக்கோங்க."